விர்ஷ்: மெய்நிகர் கணினிகளைக் கட்டளை வரியில் நிர்வகிக்கும் முறை

திரையோ சுட்டியோ இல்லாமல் அறையின் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து முனையம் வழியே நுழையும் முறை) வழியாக மட்டுமே நுழைய முடிகிற நிலையில், நான்கைந்து மெய்நிகர் கணினிகளை (ஒரே சர்வருக்குள் மென்பொருளால் அமையும் தனித்தனிக் கணினிகளை) உருவாக்கி நடத்தும் பொறுப்பு வந்து சேர்ந்தால் வரைகலைக் கருவிகள் பெரிதாக உதவா. லினக்ஸில் அந்தப் பணியின் பெரும்பகுதியை விர்ஷ் என்னும் ஒரே கட்டளை செய்துவிடும். அதைக் கற்பது கடினமன்று. ஆனால் அதன் சொற்களில் சில, கேட்டவுடன் தோன்றும் பொருளைத் தருவதில்லை. அழித்துவிடும் என்று அஞ்ச வைக்கும் பெயருள்ள கட்டளை ஒரு கோப்பைக்கூட நீக்காது. சாதுவாக ஒலிக்கும் வேறொன்றோ ஒரு சிறு சேர்க்கையுடன் கொடுத்தால் வட்டையே துடைத்துவிடும். இந்த வழிகாட்டி கட்டளைகளை வரிசையாகச் சொல்வதோடு, ஒவ்வொன்றும் எதைத் தொடுகிறது என்பதையும் சொல்ல முயல்கிறது.

கட்டளைகளை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். விர்ஷ் என்பது வி, ஐ, ஆர், எஸ், எச் என்ற ஐந்து எழுத்துகள். மற்றவற்றின் எழுத்துக்கூட்டலில் ஐயம் எழுந்தால், விர்ஷ் என்று மட்டும் தட்டி உள்ளே நுழைந்து, கட்டளையின் முதல் சில எழுத்துகளைக் கொடுத்து டேப் விசையை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்பித் தரும். உள்ளே ஹெல்ப் என்று தட்டினால் முழுப் பட்டியலும் கிடைக்கும்.

மூன்று பொருள்கள்

கேவிஎம் என்பது 2007 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.20 பதிப்பு முதல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கும் ஒரு பகுதி. செயலியில் மெய்நிகராக்கத்துக்கென அமைந்துள்ள வசதியை அது திறந்துவிடுகிறது. வட்டு, வலை அட்டை, சீரியல் போர்ட் முதலிய மற்ற உறுப்புகளைப் போலச்செய்து காட்டுவது ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய கியூஎமு. இவ்விரண்டையும் நேரடியாக இயக்கப் புகுந்தால் ஒரு கணினியைத் தொடங்கவே பத்து வரி நீளமுள்ள கட்டளையைத் தட்ட வேண்டியிருக்கும். அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ளும் இடைநிலைச் சேவைதான் லிப்விர்ட். அதனுடன் பேசும் வாய்தான் விர்ஷ்.

லிப்விர்ட்டின் பார்வையில் ஒரு மெய்நிகர் கணினி மூன்று தனித்தனிப் பொருள்களால் ஆனது. முதலாவது வரையறை: எத்தனை செயலிகள், எவ்வளவு நினைவகம், எந்த வட்டு, எந்த வலை என்பதைச் சொல்லும் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு, இது /ஈடிசி/லிப்விர்ட்/கியூஎமு அடைவில் இருக்கும். இரண்டாவது ஓட்டம்: கணினி இயங்கும்போது மட்டும் ஹோஸ்டில் (மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் உண்மையான கணினியில்) காணப்படும் ஒரு கியூஎமு புராசஸ். மூன்றாவது வட்டு: வழக்கமாக /வார்/லிப்/லிப்விர்ட்/இமேஜஸ் அடைவில் கியூகவ்2 வடிவில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. ஒரு கட்டளையைத் தட்டுமுன் இந்த மூன்றில் எதன்மேல் கை வைக்கிறோம் என்று கேட்டுக்கொண்டால் விர்ஷின் புதிர்களில் பெரும்பாலானவை தாமே அவிழ்ந்துவிடும்.

நிறுவுதல்

செயலியில் மெய்நிகராக்க வசதி இருக்கிறதா என்பதை /ப்ராக்/சிபியுஇன்ஃபோ கோப்பில் பார்க்கலாம்: இன்டெல் ஆனால் விஎம்எக்ஸ் என்ற சொல்லும், ஏஎம்டி ஆனால் எஸ்விஎம் என்ற சொல்லும் இருக்க வேண்டும். சொல் இருந்தும் /டெவ்/கேவிஎம் என்ற சாதனக் கோப்பு இல்லையென்றால், பெரும்பாலும் பயாஸ் அமைப்பில் அந்த வசதி அணைக்கப்பட்டிருக்கும். டெபியனில் தேவையான தொகுப்புகளை இப்படி நிறுவலாம்:

    சூடோ ஆப்ட் இன்ஸ்டால் கியூஎமு-சிஸ்டம்-எக்ஸ்86 லிப்விர்ட்-டீமன்-சிஸ்டம் லிப்விர்ட்-கிளையண்ட்ஸ் விர்ட்இன்ஸ்ட்

அடுத்து உங்கள் பயனர் கணக்கை லிப்விர்ட் என்ற குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையுங்கள். வெளியேறாமல் குழுச் சேர்க்கை செயலுக்கு வராது.

இந்த இடத்தில் பலரும் இடறுவார்கள். சூடோ (ரூட் எனும் நிர்வாகியின் உரிமையில் இயக்கும் கட்டளை) போட்டு உருவாக்கிய கணினி, சூடோ இல்லாமல் பட்டியலைக் கேட்டால் தெரியாது. அழிந்துவிட்டதோ என்று நெஞ்சு படபடக்கும். காரணம் எளிது: லிப்விர்ட்டில் சிஸ்டம், செஷன் என இரண்டு இணைப்புகள் உள்ளன; ஒன்றில் இருப்பது மற்றொன்றில் தெரியாது. ரூட் பயனருக்கு இயல்பாகக் கிடைப்பது சிஸ்டம், சாதாரணப் பயனருக்கு டெபியனில் கிடைப்பது செஷன். நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்பதை

    விர்ஷ் யூஆர்ஐ

என்ற கட்டளை சொல்லும். சர்வர் பணிக்கு எப்போதும் சிஸ்டம் இணைப்பே பொருத்தமானது. ஆகவே லிப்விர்ட்_டிஃபால்ட்_யூஆர்ஐ என்ற சூழல் மாறிக்கு (இதைப் பேரெழுத்துகளில் எழுத வேண்டும்) கியூஎமு:///சிஸ்டம் என்ற மதிப்பைக் கொடுத்து, அந்த வரியை உங்கள் பாஷ் அமைப்புக் கோப்பில் எழுதிவையுங்கள். மூன்று சாய்கோடுகளும் தேவை.

வலைக்கு, லிப்விர்ட்டுடன் வரும் டிஃபால்ட் என்ற வலையமைப்பு தொடக்கத்துக்குப் போதும். அது விர்பிஆர்0 என்ற பாலத்தை (கணினிகளை ஒரே வலையில் இணைக்கும் மென்பொருள் இணைப்பியை) அமைத்து, 192.168.122.0 தொகுதியில் கணினிகளுக்கு முகவரி வழங்கி, வெளியுலகத்துக்கு நாட் முறையில் (ஹோஸ்டின் முகவரியைக் கடன் வாங்கி) வழிவிடும். சில சமயம் அது அணைந்து கிடக்கும் என்பதால் முதலிலேயே எழுப்பிவிடுவது நல்லது:

    விர்ஷ் நெட்-ஸ்டார்ட் டிஃபால்ட்
    விர்ஷ் நெட்-ஆட்டோஸ்டார்ட் டிஃபால்ட்

நாட் வழியே கணினிகள் வெளியே போகலாம். ஆனால் வெளியிலிருந்து அவற்றை யாரும் நேரடியாக அடைய முடியாது. அலுவலக வலையில் இருக்கும் மற்றவர்களும் அணுக வேண்டுமென்றால் ஹோஸ்டின் வலை அட்டையைப் பாலத்தில் இணைக்க வேண்டும். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியே அதைச் செய்யும்போது ஓர் எழுத்து தவறினாலும் உங்கள் இணைப்பே அறுந்துபோகும். முதல்முறை சர்வரின் பக்கத்தில் உட்கார்ந்து செய்யுங்கள்.

முதல் கணினி

ஆறுகளின் பெயரைக் கணினிகளுக்கு வைப்பது என் வழக்கம். எண்களைவிட அவை நினைவில் நிற்கின்றன. வைகை என்ற கணினியை உருவாக்குவோம்:

    விர்ட்-இன்ஸ்டால் --நேம் வைகை --மெமரி 2048 --விசிபியூஸ் 2 --டிஸ்க் சைஸ்=20 --ஓஎஸ்-வேரியண்ட் டெபியன்12 --நெட்வொர்க் நெட்வொர்க்=டிஃபால்ட் --கிராபிக்ஸ் நன் --லொகேஷன் <நிறுவல் முகவரி> --எக்ஸ்ட்ரா-ஆர்க்ஸ் 'கன்சோல்=டிடிஒய்எஸ்0'

நினைவகம் எம்பி அளவிலும் வட்டு ஜிபி அளவிலும் கொடுக்கப்பட்டுள்ளன. டிடிஒய்எஸ்0 என்பதில் எஸ் மட்டும் பேரெழுத்து. நிறுவல் முகவரி என்ற இடத்தில் டெபியன் களஞ்சியத்திலுள்ள இன்ஸ்டாலர்-ஏஎம்டி64 அடைவின் இணைய முகவரியைக் கொடுக்க வேண்டும்.

இந்த நீண்ட வரியில் கவனம் கோரும் இடம் கடைசிப் பகுதி. திரையே இல்லாத கணினியில் நிறுவல் நிரல் தன் கேள்விகளை எங்கே கேட்கும்? எழுத்து வடிவில் பேசும் சீரியல் போர்ட்டில் கேட்கும்படி கர்னலுக்குச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதுதான் எக்ஸ்ட்ரா-ஆர்க்ஸ். லொகேஷனுக்குப் பதிலாக சிடிரோம் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் கணினி குறுவட்டிலிருந்து தானே எழும்பும். கர்னலுக்கு எதையும் சொல்ல விர்ட்-இன்ஸ்டாலுக்கு இடம் கிடைக்காது. எனவே எக்ஸ்ட்ரா-ஆர்க்ஸ் லொகேஷனோடு மட்டுமே செல்லும். இதை அறியாதவர்கள் வெற்றுத் திரையைப் பார்த்தபடி கணினி உறைந்துவிட்டது என்று எண்ணுவார்கள். உள்ளே அது தன் பாட்டுக்கு ஒரு வரைகலைத் திரையில், பார்ப்பவர் யாருமின்றி, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் காத்திருக்கும்.

இயங்குதளத்தின் பெயர் உங்கள் பதிப்புக்குத் தெரிந்ததுதானா என்பதை விர்ட்-இன்ஸ்டால் --ஓஎஸ்இன்ஃபோ லிஸ்ட் என்று கேட்டு அறியலாம். இந்தப் பெயர் வெறும் அலங்காரமன்று. வட்டுக்கும் வலை அட்டைக்கும் வேகமான விர்ட்டியோ வகையைக் கொடுப்பதா, பழைய வகையைக் கொடுப்பதா என்பது இதைப் பொறுத்தே தீர்மானமாகிறது.

ஒரே மாதிரியான கணினிகள் பல வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் நிறுவல் நடத்துவது வீண் உழைப்பு. டெபியனும் உபுண்டுவும் வெளியிடும் கிளவுட் வட்டுக் கோப்பைப் பதிவிறக்கி, அதன்மேல் மெல்லிய மேலடுக்கு ஒன்றை உருவாக்கலாம்:

    கியூஎமு-ஐஎம்ஜி கிரியேட் -எஃப் கியூகவ்2 -பி அடிப்படை.கியூகவ்2 -எஃப் கியூகவ்2 பொருநை.கியூகவ்2 20ஜி

முதல் எஃப் சிற்றெழுத்து, இரண்டாவது எஃப் பேரெழுத்து; முன்னது புதுக் கோப்பின் வடிவத்தையும் பின்னது அடிப்படைக் கோப்பின் வடிவத்தையும் குறிக்கும். புதிய கணினி எழுதும் மாற்றங்கள் மட்டுமே மேலடுக்கில் சேரும் என்பதால் பத்துக் கணினிகளும் ஒரே அடிப்படைக் கோப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். இதில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு: மேலடுக்கு உருவான பிறகு அடிப்படைக் கோப்பில் ஒரு பைட்டைக்கூட மாற்றக்கூடாது, அதை இடம் பெயர்க்கவும் கூடாது. மாற்றினால் அதன்மேல் நிற்கும் எல்லா வட்டுகளும் ஒருசேரக் கெட்டுப்போகும். மேலடுக்கைக் கொண்டு கணினியை எழுப்ப, விர்ட்-இன்ஸ்டாலில் லொகேஷனுக்குப் பதிலாக --இம்போர்ட் என்று கொடுத்து, --கிளவுட்-இனிட் விருப்பத்தின் வழியே கடவுச்சொல்லையோ எஸ்எஸ்எச் சாவியையோ அனுப்புங்கள். அனுப்ப மறந்தால், எழுந்த கணினிக்குள் நுழைய எந்தக் கதவும் இராது.

அன்றாடக் கட்டளைகள்

    விர்ஷ் லிஸ்ட் --ஆல்

ஆல் இல்லாமல் கொடுத்தால் ஓடிக்கொண்டிருப்பவை மட்டும் தெரியும். அணைந்தவற்றையும் சேர்த்துக் காண ஆல் வேண்டும். விர்ஷ் ஸ்டார்ட் வைகை என்பது கணினியை எழுப்பும்.

அணைக்க இரு வழிகள் உண்டு. ஷட்டவுன் என்பது கணினியின் மின்விசையை ஒருமுறை மெல்ல அழுத்துவதற்குச் சமம். அது ஒரு கோரிக்கையே. உள்ளே ஓடும் இயங்குதளம் அதைக் கேட்டு நடந்தால்தான் கணினி அணையும். கட்டளை உடனே முடிந்துவிடுவதால் வேலையும் முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக்கூடாது. டெஸ்ட்ராய் என்பது மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குவதற்குச் சமம். பெயரைக் கேட்டு அஞ்சுபவர்கள் அறிய வேண்டியது, அது ஓட்டத்தை மட்டுமே முடிக்கிறது, வரையறையும் வட்டும் அப்படியே இருக்கின்றன என்பது. எழுதிக்கொண்டிருந்த தரவு பாதியில் நின்றிருக்கலாம். அந்த அளவுக்கு மட்டுமே அது ஆபத்தானது. ஷட்டவுன் கொடுத்து ஓரிரு நிமிடம் பொறுத்தும் கணினி அசையவில்லை என்றால் மட்டுமே டெஸ்ட்ராய் கொடுங்கள்.

சஸ்பெண்ட் என்பதன் பெயரும் சற்று ஏமாற்றும். அது செயலியை நிறுத்திவைக்கிறதே ஒழிய நினைவகத்தை விடுவிப்பதில்லை. ஹோஸ்ட் அணைந்தால் எல்லாம் போய்விடும். நினைவகத்தை வட்டில் எழுதிவைத்துவிட்டு அணைய வேண்டுமென்றால் மேனேஜ்ட்சேவ் கொடுக்க வேண்டும். அடுத்த ஸ்டார்ட், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஹோஸ்ட் எழும்போது தானாக எழ வேண்டிய கணினிக்கு விர்ஷ் ஆட்டோஸ்டார்ட் வைகை என்று ஒருமுறை கொடுத்தால் போதும். ஹோஸ்ட் அணையும்போது நடப்பதும் அதே அளவு முக்கியம், ஆனால் அதைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. மின்வெட்டு வந்து, யூபிஎஸ் தீரும் தறுவாயில் ஹோஸ்டை முறையாக அணைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஓடும் கணினிகளை என்ன செய்வது என்பதை லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் என்ற சேவை தீர்மானிக்கிறது. /ஈடிசி/டிஃபால்ட்/லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் கோப்பில் ஆன்_ஷட்டவுன் (இதுவும் பேரெழுத்துகளில்) என்ற அமைப்புக்கு ஷட்டவுன் அல்லது சஸ்பெண்ட் என்ற மதிப்பைக் கொடுக்கலாம். இங்கே சஸ்பெண்ட் என்பது மேனேஜ்ட்சேவ் போல வட்டில் எழுதிவைப்பதைக் குறிக்கிறது. ஒரே சொல்லுக்கு இரு இடங்களில் இரு பொருள்! நினைவகம் பெரிதாக உள்ள கணினிகளை வட்டில் எழுத நேரம் பிடிக்கும் என்பதால், யூபிஎஸ் சிறியதானால் நான் ஷட்டவுனையே தேர்ந்தெடுப்பேன்.

உள்ளே நுழைதல்

கணினிக்கு வழங்கப்பட்ட முகவரியை அறிய டொம்இஃப்ஆடர் என்ற கட்டளை இருக்கிறது. டொம் என்பது டொமைன். லிப்விர்ட் ஒவ்வொரு மெய்நிகர் கணினியையும் அப்படித்தான் அழைக்கிறது, இணையப் பெயர்களோடு அதற்குத் தொடர்பில்லை. டிஃபால்ட் வலையில் முகவரி வழங்குவது லிப்விர்ட் என்பதால் கட்டளை அதைத் தன் குறிப்பேட்டிலிருந்தே எடுத்துச் சொல்லிவிடும். பால வலையில் முகவரி வழங்குவது வேறொரு ரவுட்டர் என்பதால் விடை வெறுமையாக வரும். அப்போது கணினிக்குள் கியூஎமு-கெஸ்ட்-ஏஜென்ட் என்ற தொகுப்பை நிறுவிக்கொண்டு,

    விர்ஷ் டொம்இஃப்ஆடர் வைகை --சோர்ஸ் ஏஜென்ட்

என்று கேட்க வேண்டும். அந்தத் தொகுப்பை எல்லாக் கணினிகளிலும் நிறுவுவது நல்லது. ஷட்டவுனைச் செவிமடுக்காத கணினிகளை --மோட் ஏஜென்ட் சேர்த்து அணைக்கவும், காப்புப்பிரதி எடுக்கும் கணத்தில் கோப்பு முறைமையை அசையாமல் நிறுத்தவும் அது பயன்படும்.

வலையே வேலை செய்யாதபோது கைகொடுப்பது விர்ஷ் கன்சோல் வைகை. அதிலிருந்து வெளியேற கன்ட்ரோல் விசையுடன் வலச் சதுர அடைப்புக்குறியை அழுத்த வேண்டும். கன்சோல் திறந்தும் எழுத்தே தோன்றவில்லை என்றால் முதலில் என்டரை ஒருமுறை தட்டுங்கள். அப்போதும் அமைதியென்றால் உள்ளே சீரியல் போர்ட்டில் நுழைவுக் கேள்வி கேட்பவர் யாருமில்லை என்று பொருள். எஸ்எஸ்எச் வழியே போய் சீரியல்-கெட்டி@டிடிஒய்எஸ்0 என்ற சேவையை சிஸ்டம்சிடிஎல் மூலம் எனேபிள் --நௌ கொடுத்து இயக்கிவிட்டால் சரியாகும். வலை அறுந்த பிறகு இதைச் செய்ய வழியிருக்காது. கணினி நலமாக இருக்கும்போதே செய்துவையுங்கள்.

நினைவகமும் வட்டும்

நினைவகத்தை மாற்றும் கட்டளை செட்மெம். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. விர்ட்-இன்ஸ்டாலில் 2048 என்றால் 2048 எம்பி. செட்மெமில் அலகு சொல்லாமல் 2048 என்றால் 2048 கேபி, அதாவது 2 எம்பி மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் கணினியின்மேல் இதைப் பழக்கதோஷத்தில் தட்டிவிட்டு, அது மூச்சுத்திணறி விழுவதைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. எண்ணுக்குப் பின் எப்போதும் அலகை எழுதுங்கள்:

    விர்ஷ் செட்மேக்ஸ்மெம் வைகை 4ஜி --கான்ஃபிக்
    விர்ஷ் செட்மெம் வைகை 4ஜி --கான்ஃபிக்

முதல் கட்டளை உச்சவரம்பை மாற்றுகிறது. கணினி அணைந்து எழுந்த பிறகே அது நடைமுறைக்கு வரும். இரண்டாவது அந்த வரம்புக்குள் எவ்வளவு கொடுப்பது என்பதைச் சொல்கிறது. கான்ஃபிக் என்பது வரையறையைத் தொடும், லைவ் என்பது ஓட்டத்தைத் தொடும். லைவ் மட்டும் கொடுத்துச் செய்த மாற்றம் அடுத்த முறை கணினி எழும்போது காணாமல் போயிருக்கும்; இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் கொடுங்கள். செயலி எண்ணிக்கையை மாற்றும் செட்விசிபியூஸும் இப்படியே.

இந்தக் கட்டளைகளால் எட்ட முடியாத மாற்றங்களுக்கு விர்ஷ் எடிட் வைகை என்று கொடுத்து எக்ஸ்எம்எல்லையே திருத்தலாம். சேமித்து வெளியேறும்போது லிப்விர்ட் அதைச் சரிபார்த்து, பிழையிருந்தால் ஏற்க மறுக்கும். /ஈடிசியில் உள்ள கோப்பை நேரடியாகத் திறந்து திருத்தக்கூடாது. அதை லிப்விர்ட் கண்டுகொள்ளாமலே போகலாம், அடுத்த மாற்றத்தின்போது உங்கள் திருத்தத்தை மேலெழுதவும் செய்யலாம்.

வட்டுக் கோப்பு கியூகவ்2 வடிவில் இருப்பதால், 20 ஜிபி என்று உருவாக்கினாலும் எழுதிய அளவுக்கு மட்டுமே ஹோஸ்டில் இடம் பிடிக்கும். இந்த வசதிக்குள் ஒரு வஞ்சனையும் இருக்கிறது: 100 ஜிபி இடமுள்ள ஹோஸ்டில் 20 ஜிபி கணினிகள் பத்தை உருவாக்க யாரும் தடுக்க மாட்டார்கள். எல்லாம் நிறையத் தொடங்கும் நாளில் ஹோஸ்டில் இடம் தீர்ந்து, கணினிகள் எழுத முடியாமல் நிறுத்திவைக்கப்படும். லிஸ்ட் கட்டளையில் ஒரு கணினி காரணமின்றி பாஸ்டு என்று தெரிந்தால் முதலில் ஹோஸ்டில் டிஎஃப் கொடுத்துப் பாருங்கள். கோப்பின் உண்மையான அளவையும் உச்ச அளவையும் கியூஎமு-ஐஎம்ஜி இன்ஃபோ காட்டும்; கணினி ஓடும்போது கோப்பு பூட்டப்பட்டிருக்கும் என்பதால் பேரெழுத்து யூவைச் சேர்த்து -யூ என்று கொடுக்க வேண்டும்.

ஓடும் கணினியின் வட்டைப் பெரிதாக்க:

    விர்ஷ் பிளாக்ரீசைஸ் வைகை விடிஏ 30ஜி

விடிஏ என்பது கணினிக்குள் அந்த வட்டின் பெயர். டொம்பிஎல்கேலிஸ்ட் என்ற கட்டளை அதையும் அதற்குரிய கோப்பையும் காட்டும். வட்டு பெரிதானாலும் அதன்மேல் உள்ள பிரிவும் கோப்பு முறைமையும் பழைய அளவிலேயே இருக்கும். ஆகவே உள்ளே சென்று குரோபார்ட்டால் பிரிவையும், எக்ஸ்ட்4 ஆனால் ரீசைஸ்2எஃப்எஸ்ஸால் கோப்பு முறைமையையும் நீட்ட வேண்டும். பிரிவுக்குப் பின்னால் ஸ்வாப் பிரிவு அமர்ந்திருந்தால் அதை முதலில் நகர்த்தாமல் நீட்ட முடியாது. சிறிதாக்குவது வேறு கதை. அதற்குப் புதிய சிறிய வட்டை இணைத்துத் தரவை நகலெடுப்பதே பாதுகாப்பானது.

ஸ்னாப்ஷாட்டும் காப்புப்பிரதியும்

மென்பொருளைப் புதுப்பிக்குமுன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டால், ஏதேனும் உடைந்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம்:

    விர்ஷ் ஸ்னாப்ஷாட்-கிரியேட்-ஆஸ் வைகை முன்நிலை
    விர்ஷ் ஸ்னாப்ஷாட்-ரிவெர்ட் வைகை முன்நிலை

இப்படி எடுத்தது அதே கியூகவ்2 கோப்புக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. கணினி ஓடிக்கொண்டிருந்தால் அதன் நினைவகமும் சேர்ந்து எழுதப்படுவதால் அந்த நேரம் முழுதும் கணினி உறைந்து நிற்கும். பயாஸுக்கு மாற்றாக வந்த யூஇஎஃப்ஐ முறையில் எழும்பும் கணினிகளுக்கு லிப்விர்ட்டின் பழைய பதிப்புகள் இந்த வகையை மறுத்துவிடும். ஸ்னாப்ஷாட்டைக் காப்புப்பிரதியாகக் கருதவே கூடாது. மூலமும் நகலும் ஒரே கோப்பில் இருக்கையில் அந்தக் கோப்பு கெட்டால் இரண்டும் சேர்ந்தே கெடும்.

உண்மையான காப்புப்பிரதிக்கு வரையறையும் வட்டும் ஆகிய இரண்டும் வேறொரு இடத்துக்குச் செல்ல வேண்டும். கணினியை அணைக்க முடிந்தால், விர்ஷ் டம்ப்எக்ஸ்எம்எல் தரும் வரையறையை ஒரு கோப்பில் எழுதி, வட்டுக் கோப்பை நகலெடுத்தால் முடிந்தது. மீட்கும்போது வட்டைப் பழைய இடத்தில் வைத்து, விர்ஷ் டிஃபைன் கட்டளைக்கு அந்த எக்ஸ்எம்எல்லைக் கொடுத்தால் கணினி மீண்டும் பட்டியலில் தோன்றும்.

அணைக்க முடியாத கணினிக்கு ஒரு சுற்று வழி உண்டு. முதலில் ஒரு மேலடுக்கை உருவாக்கி, புதிய எழுத்துகளை எல்லாம் அதன்பக்கம் திருப்பிவிட வேண்டும்:

    விர்ஷ் ஸ்னாப்ஷாட்-கிரியேட்-ஆஸ் வைகை தற்காலிகம் --டிஸ்க்-ஒன்லி --அடாமிக் --நோ-மெட்டாடேட்டா --குவையஸ்

குவையஸ் வேலை செய்யக் கெஸ்ட்-ஏஜென்ட் உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் அச்சொல்லை விட்டுவிடுங்கள், கிடைக்கும் நகல் மின்வெட்டில் அணைந்த வட்டின் நிலையில் இருக்கும். இப்போது அசல் வட்டுக் கோப்பில் யாரும் எழுதவில்லை. அதை நிதானமாக நகலெடுக்கலாம். நகல் முடிந்ததும் மேலடுக்கில் சேர்ந்ததை அசலோடு கலந்து, கணினியை மீண்டும் அசல்பக்கம் திருப்ப வேண்டும்:

    விர்ஷ் பிளாக்கமிட் வைகை விடிஏ --ஆக்டிவ் --பிவட்

பிறகு டொம்பிஎல்கேலிஸ்ட் கொடுத்து, கணினி உண்மையிலேயே அசல் கோப்புக்குத் திரும்பிவிட்டதைக் கண்ணால் பார்த்த பின்னரே மேலடுக்குக் கோப்பை நீக்குங்கள். இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்து, மேலடுக்கை எஞ்சிய குப்பை என்று கருதி நீக்கினால், நகலெடுக்கத் தொடங்கியதற்குப் பின் எழுதப்பட்டவை அனைத்தும் அதோடு போய்விடும்.

நகலெடுத்தலும் நீக்குதலும்

அணைந்த நிலையில் உள்ள வைகையிலிருந்து பொருநையை உருவாக்க:

    விர்ட்-குளோன் --ஒரிஜினல் வைகை --நேம் பொருநை --ஆட்டோ-குளோன்

விர்ட்-குளோன் புதிய மேக் முகவரியை (வலை அட்டையின் அடையாள எண்ணை) கொடுத்துவிடும். ஆனால் வட்டுக்குள் இருப்பதைத் தொடாது. ஆகவே இரு கணினிகளுக்கும் ஒரே எஸ்எஸ்எச் ஹோஸ்ட் சாவியும், இயங்குதளத்தின் அடையாளமான மெஷின்-ஐடியும் ஒன்றாகவே இருக்கும். மெஷின்-ஐடியை வைத்து முகவரி கேட்கும் இயங்குதளங்களில் மேக் வேறாக இருந்தும் இரண்டுக்கும் ஒரே ஐபி முகவரி கிடைத்து, ஒன்றை அழைத்தால் மற்றொன்று பதில் சொல்லும் விநோதம் நிகழும். குளோன் செய்தவுடன், கணினியை எழுப்புமுன், விர்ட்-சிஸ்ப்ரெப் -டி பொருநை என்று கொடுத்தால் இந்த அடையாளங்கள் களையப்படும். சிஸ்ப்ரெப் ஹோஸ்ட் சாவிகளையும் நீக்கிவிடும் என்பதால் முதல் எழுச்சியில் அவை மீண்டும் உருவாகின்றனவா என்று கன்சோல் வழியே பாருங்கள். டெபியனில் தானாக உருவாகாவிட்டால் டிபிகேஜி-ரீகான்ஃபிகர் ஓப்பன்எஸ்எஸ்எச்-சர்வர் என்று கொடுக்க வேண்டும்.

ஒரு கணினியை நிரந்தரமாக விடைகொடுத்து அனுப்பும் கட்டளை அன்டிஃபைன். இது வரையறையை மட்டுமே நீக்குகிறது. வட்டுக் கோப்பு அப்படியே கிடக்கும். யூஇஎஃப்ஐ கணினியானால் --என்விராம் சேர்க்கச் சொல்லும், ஸ்னாப்ஷாட் இருந்தால் மறுக்கும். --ரிமூவ்-ஆல்-ஸ்டோரேஜ் சேர்த்தால்தான் வட்டும் போகும், அதுவும் மறுகேள்வி எதுவுமின்றிப் போகும். இந்த விருப்பத்தை நான் பயன்படுத்துவதில்லை. முதலில் டொம்பிஎல்கேலிஸ்டில் கோப்புகளின் பெயரைக் குறித்துக்கொண்டு, வெறும் அன்டிஃபைன் கொடுத்து, வட்டுக் கோப்பை ஒரு வாரம் விட்டுவைத்து, யாரும் தேடி வரவில்லை என்றால் கையால் நீக்குகிறேன். அந்தக் கோப்பு வேறு மேலடுக்குகளுக்கு அடிப்படையாக இல்லை என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

தொலைவிலிருந்து

உங்கள் மடிக்கணினியிலேயே விர்ஷ் இருந்தால், சர்வருக்குள் நுழையாமலே அதனுடன் பேசலாம்:

    விர்ஷ் -சி கியூஎமு+எஸ்எஸ்எச்://பயனர்@சர்வர்/சிஸ்டம் லிஸ்ட் --ஆல்

எஸ்எஸ்எச் சாவி அமைந்திருந்தால் இதற்கு வேறு எந்த ஏற்பாடும் வேண்டா. இதே வழியில் பல சர்வர்களை ஒரே ஸ்கிரிப்ட்டில் சுற்றி வரலாம். லிஸ்டுடன் --நேம் சேர்த்தால் தலைப்போ அட்டவணையோ இன்றிப் பெயர்கள் மட்டும் வரிக்கொன்றாகக் கிடைக்கும் என்பதால், பாஷ் சுழற்சிக்குள் கொடுத்து எல்லாவற்றுக்கும் ஷட்டவுன் அனுப்புவது ஒரு வரி வேலை.

எழ மறுக்கும் கணினி

ஸ்டார்ட் பிழையுடன் திரும்பினால் /வார்/லாக்/லிப்விர்ட்/கியூஎமு அடைவில் கணினியின் பெயரிலேயே உள்ள பதிவுக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள். அனுமதி மறுக்கப்பட்டது என்று இருந்தால், வட்டுக் கோப்போ நிறுவல் குறுவட்டின் கோப்போ யாரோ ஒருவரின் ஹோம் அடைவில் இருக்கக்கூடும். கியூஎமு புராசஸ் உங்கள் கணக்கில் ஓடுவதில்லை. டெபியனில் லிப்விர்ட்-கியூஎமு என்ற தனிக் கணக்கில் ஓடுகிறது, அதற்கு உங்கள் வீட்டுக்குள் நுழைய உரிமையில்லை. கோப்பை இமேஜஸ் அடைவுக்கு மாற்றிவிட்டு, விர்ஷ் எடிட்டில் பாதையைத் திருத்துங்கள். வலை இயங்கவில்லை என்று இருந்தால் நெட்-லிஸ்ட் --ஆல் கொடுத்து டிஃபால்ட் எழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நிறுவல் முடிந்து பல மாதம் கழித்து, ஹோஸ்டை முதன்முறையாக மறுதொடக்கம் செய்த நாளில் இந்தப் பிழை வந்தால், ஆட்டோஸ்டார்ட் வரியை அன்று தட்ட மறந்திருப்பீர்கள்.